தண்ணீர் குடிக்காமல் ஓடிய நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

இருபத்துநாலு நாள் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வடக்குப்பட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். வந்த நாளிலிருந்து என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டுத்தான். "பொம்பளைக்கு இன்னாத்துக்கு இந்த ஓட்டம்?" பிஸ்கட் பாக்கெட்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, மூச்சு வாங்குவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுகிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் படியுங்கள், தெரியாதவர்கள் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு அப்புறமும் யாராவது வந்து ஓட்டத்தைப் பழி சொன்னால், அந்த பிஸ்கட்டை அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்பிவிடுவேன்.

என் பெயர் ஸ்டெல்லா. வயது முப்பத்திரண்டு. ஒரகடம் பக்கம் இருக்கிற கம்பெனிகளை இன்றைக்கும் விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றில், டிவி பெட்டிக்குள் வைக்கிற காயிலுக்குச் செம்புக் கம்பி சுற்றும் வேலை எனக்கு. வீட்டுக்காரர் அந்தோணி, ஸ்ரீபெரும்புதூரில் லேத் பட்டறையில் இருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள்.

நான் ஓட ஆரம்பித்தது உடம்பைத் தேற்றுவதற்காக இல்லை, கோபத்தில்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்காரரின் அக்கா, என் நாத்தனார் பிலோமினா வீட்டில், அவள் மகன் சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்கியதற்குப் புதுநன்மை விருந்து. இரண்டாவது பிள்ளை பெற்ற பிறகு எனக்கு உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது. பந்தியில் உட்காரப் போன என்னைப் பார்த்து, பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஸ்டெல்லாவுக்கு ரெண்டு இலை போடுங்கப்பா, ஒண்ணு பத்தாது" என்றாள். பாதிரியார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் இலையில் கை வைக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அன்றோடு அவளுடன் பேச்சையும், அண்ணி என்று கூப்பிடுவதையும் நிறுத்தினேன். மறுநாள் சாயங்காலம், வீட்டுக்காரரின் பழைய சட்டையைச் சுடிதார் மேல் மாட்டிக்கொண்டு வல்லக்கோட்டை ரோட்டில் ஓடினேன். முதல் மதகுவரைக்கும்கூடப் போக முடியவில்லை. உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். சைக்கிளில் போனவன், "இன்னா அக்கா, எந்த பஸ்ஸ உட்டுட்ட?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அவனுக்காகவே அடுத்த நாளும் போனேன். ஆறு மாதத்தில் இடுப்பு இறங்கியது, ஒரு வருஷத்தில் வல்லக்கோட்டைக் கோயில்வரை போய்த் திரும்பினேன். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்: ஓட ஆரம்பித்து அரை மணி ஆகும்போது, காலையிலிருந்து எவன் என்ன சொன்னான், எவள் எப்படி முறைத்தாள் என்பதெல்லாம் தலையை விட்டுப் போய்விடும். அந்த நேரத்தில் நான் யார் மேலும் கோபமாக இருந்ததில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

இப்போது கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வியாதி அங்கேயிருந்துதான் வந்தது. எங்கள் லைனில் முப்பத்திரண்டு பெண்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு டோக்கன். பித்தளையில் வட்டமாக, துளை போட்டு நூல் கட்டியிருக்கும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் தனசேகரிடம் போய் நின்று அதை வாங்க வேண்டும். போன நேரம், வந்த நேரம் இரண்டையும் நோட்டில் எழுதுவான். டோக்கன் வெளியே போயிருந்தால் அது வரும்வரை காத்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் அந்த நோட்டைப் பார்த்து, "ஜெயந்தி, வூட்டுல ஏதாவது விசேஷமா?" என்று ஒருத்தியை எல்லோர் முன்னாலும் கேட்பான். இந்தப் பேச்சுக்குப் பயந்து நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்றுதான். தண்ணீர் குடிப்பதில்லை. காலை நாலரைக்கு எழுந்தால் ஷிப்ட் முடிகிற இரண்டு மணிவரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது. புதிதாக வருகிற பெண்களுக்கு மெஷினைப் பழக்குவதற்கு முன்னால் இதைத்தான் பழக்குவோம். ஏழு வருஷத்தில் நான் டோக்கன் வாங்கியது பத்துத் தடவைகூட இருக்காது. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

போன தை மாதம் மெட்ராஸில் மராத்தான் நடந்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். நான் ஓடுகிற செய்தி எப்படியோ பெர்சனல் ஆபீசர் காதுக்குப் போய், என்னைக் கூப்பிட்டு, கம்பெனி பெயர் போட்ட பனியன் ஒன்றைக் கொடுத்தார். "நம்ம கம்பெனி லேடி ஒருத்தர் ஓடறாங்கன்னா நமக்கு எவ்ளோ கௌரவம்!" என்றார். ஒரு நாள் லீவு கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைதானே, லீவு எதற்கு என்றார்.

ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் அது. பெண்கள் மொத்தமே ஏழெட்டுப் பேர்தான். பாதி தூரம்வரை பறக்கிற மாதிரி இருந்தது. வழியில் மேஜை போட்டுத் தண்ணீர் வைத்திருந்தார்கள். நான் தொடவில்லை. குடித்தால் வரும், வந்தால் எங்கே போவது? ஆண்களுக்கு வழியெல்லாம் சுவர் இருந்தது, எனக்கு என்ன இருந்தது? ஷிப்டில் எட்டு மணி நேரம் தாங்குகிறவளுக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தேன். வெயில் ஏறிய பிறகு தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. முதலுதவிக் கூடாரத்தில் வலிக்கு இரண்டு மாத்திரை கொடுத்தார்கள், அதையும் தண்ணீர் இல்லாமல் எச்சிலோடு விழுங்கினேன். கடைசி ஐந்து கிலோமீட்டர் ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக முடித்தேன். முடித்தேன் என்பதை இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன், முடித்தேன்.

அன்று சாயங்காலம் சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனது. உஷ்ணம் என்று நினைத்து, விளக்கெண்ணெய் எடுத்துத் தொப்புளில் தடவிக்கொண்டு படுத்தேன். திங்கட்கிழமை காலையிலிருந்து சிறுநீரே இல்லை. வலியோடு வேலைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமையும் இல்லை. அன்று தனசேகர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்: "ஸ்டெல்லாவப் பாருங்க. நாப்பது கிலோமீட்டர் ஓடிட்டு வந்து ரெண்டு நாளா டோக்கன் பக்கமே வரல. வேலன்னா இப்டி இருக்கணும்." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கக்கேடு, எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல், மெஷின் மேலேயே விழுந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் பார்த்த டாக்டர் மஞ்சள் காமாலை என்று சொல்லி ஒரு ஊசி போட்டார். அதில் ஒரு நாள் போனது. மறுநாள் வாந்தி நிற்காமல், இழுத்து இழுத்து மூச்சு விட ஆரம்பித்த பிறகுதான் என் வீட்டுக்காரர் வாடகைக் காரில் போட்டு மெட்ராஸுக்குக் கொண்டு போனார்.

அங்கே ரத்தம் எடுத்தார்கள், இதயத்துக்கு ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், வராத சிறுநீரைக் குழாய் விட்டுத் தேடினார்கள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் அந்தோணி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் டாக்டரம்மா ஒருவர் வந்து, எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொன்னார். சதை தாங்க முடியாத அளவுக்கு வேலை வாங்கினால் சதை நார் உடையும். உடைந்த கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகும். தண்ணீர் போதுமான அளவு இருந்தால் கழுவிக்கொண்டு போய்விடும், இல்லையென்றால் வடிகட்டியில் சகதி அடைக்கிற மாதிரி அடைத்துக்கொள்ளும். வலி மாத்திரை அதை இன்னும் மோசமாக்கும். கிரியாட்டினின் என்று ரத்தத்தில் ஒரு கழிவு, அது ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு ஒன்பதைத் தாண்டியிருந்தது.

"கிட்னி ரெண்டும் நின்னு போச்சா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு நின்னிருக்கு. பெரும்பாலும் தானா திரும்பும். சில பேருக்குத் திரும்பறதில்ல. யூரின் வருதான்னு பாக்கறதுதான் இனி வேலை. வந்துச்சுன்னா பிழைச்ச."

வரவில்லை என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. எதிர்க் கட்டிலில் ஒரு அக்கா எட்டு மாதமாக ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினுக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள், முகமெல்லாம் சாம்பல் நிறம். அவளைப் பார்த்தாலே பதில் தெரிந்தது. என் சின்னவளுக்கு நாலு வயது. பயம் என்றால் என்னவென்று எனக்கு அந்தக் கட்டிலில்தான் தெரிந்தது. அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் கோபம்தான்.

கழிவை எடுக்க, தொப்புளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, துளை வைத்து ஒரு குழாயைச் சொருகினார்கள். அது வழியாக இரண்டு லிட்டர் திரவம் வயிற்றுக்குள் இறங்கும். உள்ளே இருக்கிற சவ்வு வழியாக ரத்தத்தின் கழிவு அதில் ஊறும். முக்கால் மணி கழித்துத் திறந்துவிட்டு வெளியே எடுப்பார்கள். மறுபடி புதுப் பாட்டில். இப்படி இரண்டு பகல் இரண்டு இரவு விடாமல், பிறகு சில நாள் விட்டு மறுபடியும். வயிறு நிறையும்போது மூச்சு முட்டும். குழாய் கொஞ்சம் அசைந்தாலும் உயிர் போகும். நர்ஸ்கள் கிட்டே வந்தாலே எரிந்து விழுந்தேன். ஒருத்தி கையைக் கடித்துவிட்டேன் என்று சொல்கிறார்கள், எனக்கு ஞாபகம் இல்லை.

இதில் குடிக்கிற தண்ணீருக்கு அளவு வைத்துவிட்டார்கள். சிறுநீர் போகாத உடம்பில் தண்ணீர் நுரையீரலுக்கு ஏறிவிடுமாம். ஒரு நாளைக்கு ஒன்றரை டம்ளர், கஞ்சியும் அதற்குள்ளேயே அடக்கம். ஏழு வருஷம் தண்ணீரைத் தள்ளி வைத்தவள் நான். அந்த ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி கூஜாவைச் சாய்க்கிற சத்தத்துக்கு அழுதேன்.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக்கூடாது. என் அம்மா செத்துப் பல வருஷம் ஆகிறது. மூன்றாம் நாள் கண் திறந்து பார்த்தால் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு பிலோமினா உட்கார்ந்திருக்கிறாள்.

"உன்ன யாரு கூப்ட்டா?" என்றேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"ஒருத்தரும் கூப்புடல. என் தம்பி வெளிய உக்காந்து அழுதுகினு கீறான், பாக்க சகிக்கல, வந்தேன். நீ வாய மூடிகினு படு."

போகவில்லை. பகலெல்லாம் உள்ளே ஸ்டூலில், ராத்திரி வராந்தாவில் பாய். உள்ளே போன பாட்டில், வெளியே வந்த பாட்டில் எல்லாவற்றையும் அவளே கணக்கு வைத்தாள், நர்ஸ் குறித்தது தப்பு என்று இரண்டு தடவை சண்டை போட்டாள். இரண்டு தடவையும் இவள் சொன்னதுதான் சரி. தண்ணீருக்காக நான் கெஞ்சினால் துணியை நனைத்து உதட்டில் ஒற்றுவாளே தவிர, ஒரு சொட்டு அதிகம் தரமாட்டாள். "கொலகாரி" என்று திட்டினேன். "ஆமாண்டி, கொலகாரிதான், தூங்கு" என்பாள். நான் வெறுத்தவர்களில் என்னை இந்த அளவுக்குத் தொட்டுப் பார்த்துக்கொண்டவள் வேறு யாரும் இல்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பார்க்க வருகிறவர்கள் ஒரு தனி வியாதி. லைனிலிருந்து ஆறு பேர் வந்தார்கள், ஆளுக்கு இரண்டு இளநீர். உஷ்ணம் தணியுமாம். ஜெயந்தி சீவிக்கொண்டு வந்து வாயருகே வைத்தே விட்டாள். டாக்டரம்மா தூரத்திலிருந்து கத்திக்கொண்டே வந்து பிடுங்கினார். இளநீரில் பொட்டாசியம் என்ற உப்பு அதிகம், சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அது ஏறினால் இதயம் நின்றுவிடும் என்றார். அன்போடு வந்த பன்னிரண்டு இளநீரும் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வார்டு ஆயாக்கள் மூன்று நாள் குடித்தார்கள்.

அன்றைக்கே டாக்டரம்மா என்னிடம், "அவ்ளோ வெயில்ல ஓடினியே, வழியில எவ்ளோ தண்ணி குடிச்ச?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே குடிக்கல டாக்டர்."

"உனக்கு அறிவிருக்கா?"

எனக்குச் சுரீரென்று ஏறியது. "அறிவா தண்ணி குடிச்சிட்டா அப்புறம் எங்க போறது டாக்டர்? முப்பத்திரண்டு பேருக்கு ஒரு டோக்கன். நீங்க ஒரு நாளு எங்க லைன்ல வந்து உக்காந்து பாருங்க, அப்புறம் அறிவப் பத்திப் பேசலாம்" என்றேன். வந்திருந்த ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். டாக்டரம்மா அவர்கள் பக்கம் திரும்பி, "நீங்களும் இப்படித்தானா?" என்றார். ஜெயந்தி மட்டும், "வரும்போது எரியும் டாக்டர். அது எல்லாருக்கும் இருக்கிறதுதானே?" என்றாள். டாக்டரம்மா திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆறு பேருக்கும் பரிசோதனைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நாலு பேருக்குச் சிறுநீரில் கிருமி இருந்தது.

எட்டு நாள், ஒன்பது நாள். சிறுநீர்த் தட்டு வைத்து எடுப்பார்கள், காலியாகவே திரும்பும். ஒன்பதாம் நாள் பிலோமினா டாக்டரம்மாவை வழிமறித்து, "என் கிட்னியில ஒண்ண எடுத்து இவளுக்கு வச்சிடுங்க" என்று சொன்னதை நானே கேட்டேன். அவசரப்பட வேண்டாம், இன்னும் ஒரு மாதம்கூடக் காத்திருக்கலாம் என்று டாக்டரம்மா சிரித்தார். "இவளுக்குக் குடுக்கணும்னு எனக்கு ஒண்ணும் ஆச இல்ல. கொயந்தைங்க ரெண்டு கீது, அதான்" என்று இவள் விளக்கம் சொன்னாள். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். என்ன முகம் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பதினோராம் நாள் பார்வை நேரத்தில் பெர்சனல் ஆபீசர் வந்தார், கையில் திராட்சைப் பொட்டலமும் ஒரு பைலும். பிலோமினா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். கம்பெனி பனியனோடு ஓடியவள் சாகக் கிடக்கிறாள் என்று கேன்டீனில் பேச்சாம், அதனால் மேலே கொஞ்சம் கவலைப்படுகிறார்களாம். பைலிலிருந்து ஒரு தாளை எடுத்து, மூடியைக் கழற்றிய பேனாவோடு நீட்டினார்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா. இங்க ஒரு கையெழுத்து."

படித்தேன். மேற்படி ஓட்டத்தில் என் தனிப்பட்ட ஆர்வத்தின் பேரில் கலந்துகொண்டேன், என் உடல்நிலைக்கும் நிறுவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று டைப் அடித்திருந்தது.

"பனியன் குடுத்தது யாரு சார்?"

"பனியன் குடுத்தோம்மா. தண்ணி குடிக்காதன்னு நாங்களா சொன்னோம்?"

நான் எழுந்து அவர் சட்டையைப் பிடித்திருப்பேன், குழாய்தான் விடவில்லை. வாயில் வந்ததைச் சொல்லலாம் என்று மூச்சை இழுத்தேன். அப்போது அடிவயிற்றில் ஏதோ இறுகியது. முதலில் குழாய் வலி என்று நினைத்தேன். அது வேறு. இரண்டு வாரமாக மறந்துபோயிருந்த ஒன்று.

"சார், போய் சிஸ்டரக் கூப்டுங்க."

"கூப்டறேன், இந்தக் கையெழுத்த மட்டும்..."

"யோவ், ஒண்ணுக்கு வருதுய்யா! போய்யா!"

தாளைக் கட்டிலுக்குப் பக்கத்து லாக்கர் மேல் போட்டுவிட்டு ஓடினார். டை கட்டிய மனுஷன் அந்த வார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, "சிஸ்டர்! சிஸ்டர்! அவங்களுக்கு ஒண்ணுக்கு வருதாம்!" என்று கத்திக்கொண்டே ஓடினார். முப்பது கட்டிலும் எழுந்து உட்கார்ந்தது. வெந்நீரோடு வந்த பிலோமினா அவரை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, பிளாஸ்கைக் கீழே போட்டுவிட்டு, திரையை இழுத்தாள்.

தட்டை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. எரிச்சல் மட்டும்தான். எனக்கு அழுகை வந்தது. "எவ்ளோ நாளு அடக்கி வச்ச, சட்டுனு வருமா? அவசரமில்ல. இங்க ஒருத்தனும் நேரம் எழுதல" என்று காதுக்குள் சொன்னாள். அதற்குப் பிறகுதான் வந்தது. சொட்டாகத்தான், கறுப்பாகத்தான், ஆனால் வந்தது.

அளவு ஜாடியில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்தார்கள். அறுபது மில்லி. நர்ஸ் டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள். நான் கடித்ததாகச் சொல்லப்படுகிற நர்ஸ்தான் அவள். பிலோமினா அந்த ஜாடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பிறந்த குழந்தையைக் காட்டுகிற மாதிரி கட்டில் கட்டிலாகப் போய்க் காட்டினாள். எதிர்க் கட்டில் அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள். டாக்டரம்மா வந்து, "இனி கூடிக்கிட்டே போகும், வழி திறந்தாச்சு" என்றார்.

இவ்வளவு நேரமும் வாசலிலேயே நின்றிருந்த பெர்சனல் ஆபீசர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். "அந்தப் பேப்பர்..." என்றார். பிலோமினா ஜாடியை லாக்கர் மேல் அந்தத் தாளின் மேலேயே வைத்திருந்தாள். ஜாடியைத் தூக்கினாள். நடுப்பக்கத்தில் வட்டமாக, பழுப்பாக ஈரம்.

"எடுத்துக்கினு போங்க சார்," என்று தாளை அவரிடம் நீட்டினாள். "கையெழுத்து போட்டுட்டா."

அவர் அதை மூலையில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனார். நான் சிரித்தேன். சிரித்ததில் வயிற்றுத் துளை பிடுங்கியது. "சிரிக்காதடி, குழா பிச்சிக்கும்" என்று என்னைத் திட்டிக்கொண்டே தானும் சிரித்த அண்ணி, அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.